புலத்தை ஆக்குவோரும் புகழைக் கொள்வோரும்

‘சீரான காந்தப்புலம் ஒன்றினுள் ஏற்றம் பெற்ற துணிக்கை ஒன்று செங்குத்தாக நுழைகின்றது’ என்னும் தொடர் உயர்தர வகுப்பு மாணவர் எவருக்கும் புதியதன்று. புலத்தின் பருமன் ‘பீ’ என்னும் ஓர் ஆங்கில எழுத்தாற் குறிக்கப்படும். அவ்வெழுத்துக்கு எப்பெறுமானத்தை இட்டாலும் சமன்பாடு முகம் சுளிப்பதில்லை. ஒன்று என இடலாம். நூறு எனவும் இடலாம். ஆனால் அந்தப் புலம் எங்கிருந்து வந்தது, அதனை ஆக்கியவர் யாவர், நூறு என இலகுவாக எழுதப்பட்ட அவ்வெண்ணை ஓர் ஆய்வுகூடத்தில் மெய்யாக்க எத்தனை ஆண்டுகள் சென்றன என்னும் வினாக்கள் வினாத்தாளிலும் இல்லை, விரிவுரையிலும் இல்லை. புலம் ‘தரப்பட்டது’. தந்தவர் யார் என்று கேட்பாரில்லை.

இதனை வெறும் மறதி என்று கொள்வதற்கில்லை. சிந்தனை உயர்ந்தது, செய்கை தாழ்ந்தது என்னும் பழைய சமூகப் பாகுபாடு விஞ்ஞானத்தின் வரலாற்றினுள்ளும் புகுந்து நிலைகொண்டிருப்பதன் விளைவே இது. இப்பாகுபாட்டின்படி கொள்கையாளன் கண்டுபிடிக்கின்றான், பரிசோதகன் சரிபார்க்கின்றான், கருவியை ஆக்குபவன் இட்ட வேலையைச் செய்கின்றான். ஏணியின் மேற்படியில் நிற்பவனுக்குப் பரிசும் நடுப்படியில் நிற்பவனுக்குப் பாராட்டும் கீழ்ப்படியில் நிற்பவனுக்குச் சம்பளமும் உரியன எனப்படுகின்றது. ஆயின் ஆராய்ச்சிக்கான உயர்புலக் காந்தங்களை வடிவமைத்து ஆக்கிய வரலாறு இந்த ஏணியை அடியோடு மறுக்கின்றது.

முதலில் உயர்புலக் காந்தம் என்பது யாது என நோக்குதல் தகும். புவியின் காந்தப்புலம் ஒரு தெஸ்லாவின் இருபதாயிரத்தில் ஒரு பங்கை அண்டியது. வைத்தியசாலைகளிற் காணப்படும் எம்.ஆர்.ஐ. பொறிகள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 தெஸ்லாப் புலத்தை உடையன. இரும்பு அகணியைக் கொண்ட சாதாரண மின்காந்தம் ஏறத்தாழ 2 தெஸ்லாவை அடைந்ததும் இரும்பு நிரம்பல் நிலையை எய்திவிடுகின்றது. அதற்கு மேற் செல்ல விரும்புவோன் இரும்பின் துணையைப் பெரிதும் கைவிட்டு, சுருளினூடே மேன்மேலும் மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டியவனாகின்றான். அப்போது இரு பகைகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று வெப்பம். மற்றையது புலம் தன்னை ஆக்கிய சுருளின்மீதே செலுத்தும் விசை. ஒரு தெஸ்லாப் புலம் ஏறத்தாழ நான்கு வளிமண்டல அமுக்கத்துக்கு ஒப்பான அமுக்கத்தைச் சுருளின்மீது செலுத்தும். இவ்வமுக்கம் புலத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் ஆதலின், 10 தெஸ்லாவில் அது நானூறு வளிமண்டலமாகவும், 45 தெஸ்லாவில் ஏறத்தாழ எண்ணாயிரம் வளிமண்டலமாகவும், 100 தெஸ்லாவில் நாற்பதாயிரம் வளிமண்டலமாகவும் உயர்கின்றது. காகிதத்தில் ஒன்றை நூறாக்க இரண்டு பூச்சியங்கள் போதும். பட்டறையில் அதே மாற்றம் பத்தாயிரம் மடங்கு விசையை எதிர்கொள்வதாகும்.

மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் பிற்றர் 1930களில் இப்பிரச்சினைக்குக் கண்ட தீர்வு இன்றுவரை உயிர்வாழ்கின்றது. கம்பியைச் சுற்றிச் சுருளாக்கும் வழக்கத்தை அவர் கைவிட்டார். துளைகள் இடப்பட்ட வட்டச் செப்புத் தகடுகளை, இடையிடையே காவலித் தகடுகளை வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவ்வடுக்கே ஒரு சுருளியாக அமையுமாறு இணைத்தார். துளைகளினூடே குளிர்நீர் மிகுந்த வேகத்திற் பாய்ந்து வெப்பத்தை அள்ளிச் சென்றது. 1930களின் இறுதியில் இவ்வமைப்பு 1.7 மெகாவாற்று வலுவைக் கொண்டு 10 தெஸ்லாவை நிலையாக வழங்கியது. இவ்வடுக்கில் ஒரு தகடு செய்யும் தொழில்கள் மூன்று: மின்னைக் கடத்துகின்றது, வெப்பத்தை நீருக்குக் கையளிக்கின்றது, வெடித்துச் சிதற முனையும் விசையைத் தாங்குகின்றது. துளையைப் பெரிதாக்கினால் நீர் நன்கு பாயும், தகடு வலுவிழக்கும். தகட்டின் உலோகத்தைக் கலப்புலோகமாக்கி வலுப்படுத்தினால் அதன் கடத்துதிறன் குறையும், வெப்பம் மிகும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும் இந்நிலையில் எங்கே நிற்பது என்று முடிவு செய்வதே வடிவமைப்பு. அம்முடிவுக்கு வேண்டிய சிந்தனை எந்தச் சமன்பாட்டுக்கும் குறைந்ததன்று.

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தலைநகரான தலஹாசியில் அமைந்த தேசிய உயர் காந்தப்புல ஆய்வுகூடத்தில் 1999 இல் 45 தெஸ்லாவை எட்டிய கலப்புக் காந்தம் இச்சிந்தனையின் ஓர் உச்சம். வெளியே 11.5 தெஸ்லாவை வழங்கும் மீகடத்திச் சுருள், உள்ளே 33.5 தெஸ்லாவை வழங்கும் பிற்றர் வகைச் சுருள். வெளிச்சுருள் திரவ ஈலியத்தின் கடுங்குளிரில் உறைகின்றது. உட்சுருளோ ஏறத்தாழ 30 மெகாவாற்று வலுவை விழுங்கிப் பாயும் நீரினாற் காக்கப்படுகின்றது. கடுங்குளிரும் கடுவெப்பமும் சில அடி இடைவெளியில் அருகருகே வாழவேண்டும். முப்பத்தைந்து தொன் நிறையுடைய இவ்வமைப்பு முழுவதும் 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு துவாரத்துக்காகவே உள்ளது. அத்துவாரத்தில் வைக்கப்படும் விரல்நுனி அளவான மாதிரியைப் பற்றியே பின்னர் கட்டுரைகள் எழுதப்படும்.

‘இவையெல்லாம் பொறியியல் நுணுக்கங்களே, புதிய அறிவு அல்ல, கொள்கை வழிகாட்டக் கை பின்தொடர்ந்தது’ என்று இவ்விடத்து ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. இம்மறுப்பை வரலாறு தாங்குமா?

லைடன் நகரத்து ஹைக்கே கமர்லிங் ஒனஸ் 1908 இல் ஈலியத்தைத் திரவமாக்கினார். 1911 இல் அவரது ஆய்வுகூடத்தில் இரசத்தின் மின்தடை திடீரென மறைதல் அவதானிக்கப்பட்டது. தடையில்லாக் கம்பியில் வெப்பம் தோன்றாது. ஆகவே வேண்டியமட்டும் மின்னோட்டத்தைச் செலுத்தி 10 தெஸ்லாக் காந்தத்தை ஆக்கலாம் என 1913 இல் அவர் எதிர்பார்த்தார். தருக்கத்தில் எவ்வழுவும் இல்லை. ஆனால் ஈயக் கம்பியாற் சுற்றப்பட்ட சுருள், ஒரு தெஸ்லாவின் பத்தில் ஒரு பங்கை எட்டுமுன்னரே தன் மீகடத்துந் தன்மையை இழந்தது. தானே ஆக்கிய புலத்தைத் தானே தாங்கமாட்டாத பொருளாக அது இருந்தது. அக்கனவு மெய்ப்பட ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. 1961 இல் பெல் ஆய்வுகூடத்தில் கன்ஸ்லரும் அவர்தம் துணைவரும் நயோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு சேர்வையை எடுத்து, 8.8 தெஸ்லாப் புலத்தில், சதுர சென்ரிமீற்றருக்கு ஓரிலட்சம் அம்பியர் மின்னோட்டத்தைத் தடையின்றிச் செலுத்திக் காட்டினர். அச்சேர்வை கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்பினது. கம்பியாக இழுக்க இடந்தராதது. எனவே மூலப்பொருள்களின் தூளை நயோபியக் குழாயில் அடைத்து, குழாயை மெல்லிய கம்பியாக இழுத்து, அதன்பின் உலையிற் சூடாக்கி, சேர்வையைக் கம்பியினுள்ளேயே விளையவிட்டனர். உடைவதை வளைக்க இயலாதாயின், வளைத்த பின்னர் உடையக்கூடியதாக ஆக்கு என்னும் இவ்வுபாயம் எந்தக் கொள்கை நூலிலிருந்தும் வந்ததன்று. உலோகத்தைக் கையாண்டு பழகியவரின் அறிவு அது.

கொள்கை இருக்கவில்லையா என்றால், இருந்தது. உயர்புலத்தைத் தாங்கும் இரண்டாம் வகை மீகடத்திகளுக்கான விளக்கத்தை அப்ரிகோசோவ் 1957 இல் வெளியிட்டிருந்தார். ஆனால் 1961 இன் காந்தங்கள் அதனைப் படித்து ஆக்கப்பட்டன அல்ல. காந்தங்கள் வெற்றி பெற்ற பின்னரே மேலைநாட்டார் அக்கட்டுரையைத் தேடிச் சென்றனர். அப்ரிகோசோவுக்கும் முன்னர், 1930களின் நடுப்பகுதியில், கார்க்கிவ் நகரத்தில் லெவ் சுப்னிகோவ் கலப்புலோகங்களின் இவ்வியல்பைப் பரிசோதனை வழியாகத் தெளிவாகக் கண்டிருந்தார். ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் 1937 ஓகஸ்டிற் கைதுசெய்யப்பட்ட அவர் அவ்வாண்டு நவம்பரிலேயே கொல்லப்பட்டார். கொள்கையாளருக்கு 2003 இல் நோபல் பரிசு வந்தது. அளந்து கண்டவருக்குக் கல்லறையின் அடையாளம்கூட உடனே வாய்க்கவில்லை. அப்ரிகோசோவின் பெருமையைக் குறைப்பது இங்கு நோக்கமன்று. கொள்கை முன்செல்லக் கை பின்தொடர்ந்தது என்னும் கதை பொய் என்பதே இங்குச் சுட்டப்படுவது.

காந்தம் ஆக்குவோர் கேட்டதை மட்டுமே கொடுத்தனர் என்னும் கூற்றும் நிலைக்காது. 1980 பெப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து உயர்புல ஆய்வுகூடத்தில் கிளவுஸ் வொன் கிளிற்சிங், ஒரு சிலிக்கன் மாதிரியை 18 தெஸ்லாவை அண்டிய புலத்தில் வைத்து அளந்தபோது, ஹோல் தடை சீராக மாறாது படிப்படியாக மாறுவதையும், அப்படிகளின் உயரம் பொருளின் தூய்மையையோ உருவத்தையோ சாராது இயற்கையின் அடிப்படை மாறிலிகளையே சார்ந்திருப்பதையும் கண்டார். அவ்வளவு துல்லியத்தை எக்கொள்கையும் முன்கூட்டி உரைத்திருக்கவில்லை. 1985 இன் நோபல் பரிசு அதற்கு உரியதாயிற்று. அடுத்து, பிற்றரின் பெயரைத் தாங்கிய மசாசூசெற்ஸ் காந்த ஆய்வுகூடத்தில் 1981 இல் சுய்யும் ஸ்ரோமரும், இலத்திரனின் ஏற்றத்திலும் சிறிய பின்ன ஏற்றமுடைய துணிக்கைகள்போல் ஒழுகும் நிலையொன்றைக் கண்டனர். இதனை எவருமே எதிர்பார்க்கவில்லை. இரு கண்டுபிடிப்புகளும் தாழ்புலத்தில் தென்பட்டிருக்கமாட்டா. புலத்தை உயர்த்துதல் இங்கே ஒரு வினாவுக்கு விடை தேடும் வழியாக மட்டும் அமையவில்லை. எவரும் கேட்டறியாத வினாவையே அது பிறப்பித்தது. 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறை பாரிசுக்கு அருகே பூட்டிவைக்கப்பட்ட உலோக உருளையைச் சாராது பிளாங்கின் மாறிலியைச் சார்கின்றது. அவ்வரையறையைச் செயற்படுத்தும் கிபிள் தராசு தன் மின்னளவுகளுக்கு வொன் கிளிற்சிங் கண்ட படிகளையே நம்பியுள்ளது. கடைத்தெருவில் அரிசி நிறுக்கும் தராசின் நேர்மை, பல படிகள் கடந்து, உயர்புலக் காந்தம் ஒன்றின் அடியிற் சென்று முடிகின்றது.

அங்ஙனமாயின் புகழ் யாரைச் சேர்ந்தது? 1998 இல் பின்ன விளைவுக்கான நோபல் பரிசு சுய், ஸ்ரோமர் ஆகியோருக்கும் கொள்கை விளக்கம் தந்த லவ்லினுக்கும் பகிரப்பட்டது. முதற் கட்டுரையில் மூன்றாமவராக ஒப்பமிட்டவரும், அவ்விளைவைக் காட்டவல்ல தூய குறைகடத்திப் படிகத்தை வளர்த்தவருமான ஆதர் கொசாட் அதிற் பங்குபெறவில்லை. காந்தத்தை இயக்கியோரின் பெயர்களைப் பரிசு பற்றிய நூல்களில் தேடுவது வீண். இந்நோய் புதியதன்று. 1911 இல் இரசத்தின் தடையை அளந்தவர் கில்ஸ் ஹோல்ஸ்ற். கட்டுரை ஒனசின் பெயரில் மட்டுமே வெளிவந்தது. ஈலியத்தைத் திரவமாக்கிய பொறித்தொகுதியை ஆக்கி இயக்கிய தலைமைக் கைவினைஞர் கெரிற் பிளிம். ஆயினும் ஒனசின் சார்பிலும் ஒன்று சொல்லல் வேண்டும்: கருவி ஆக்குவோரைப் பயிற்றுவதற்கெனவே 1901 இல் ஒரு பள்ளியை நிறுவியவர் அவரே. நீலச் சட்டை அணிந்த அப்பள்ளி மாணவரின்றித் தமது ஆய்வுகூடம் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். பெயரைப் பகிர அவர் தயங்கினார். பட்டறையின் பெறுமதியை மறுக்கவில்லை. இன்று பெயரும் மறுக்கப்படுகின்றது, பட்டறையும் மூடப்படுகின்றது.

செய்கையைத் தாழ்த்துவதன் விலை சில வேளைகளில் மிகக் கண்கூடாகத் தெரியும். ஜெனீவாவுக்கு அருகே சேர்ண் நிறுவனத்தின் பெரும் ஆர்முடுக்கியில், ஒவ்வொன்றும் 15 மீற்றர் நீளமுடைய 1,232 மீகடத்தி இருமுனைக் காந்தங்கள் பொருத்தப்பட்டன. 2008 செப்ரெம்பர் 10 இல் முதற் கற்றை சுற்றிவந்தபோது உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. ஒன்பது நாட்களின் பின்னர், இரு காந்தங்களை இணைத்த கடத்திகளின் பற்றாசு மூட்டு ஒன்று பழுதுற்றது. வில்மின் எழுந்து ஈலியக் கலத்தைத் துளைத்தது. ஏறத்தாழ ஆறு தொன் ஈலியம் வெளியேறியது. ஐம்பத்துமூன்று காந்தங்களை அகற்றிச் செப்பனிடவோ மாற்றவோ நேர்ந்தது. ஓராண்டுக்கு மேலாக அப்பெரும் பொறி வாளாவிருந்தது. பிரபஞ்சத்தின் அடிப்படைத் துணிக்கையைத் தேடப் புறப்பட்ட பல்லாயிரம் அறிஞரின் பயணத்தை ஒரு பற்றாசு மூட்டு நிறுத்தியது. பின்னர் அத்தகைய பதினாயிரம் மூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப்பட்டு வலுவூட்டப்பட்டன. அவ்வேலையைச் செய்தோர் செய்தது விஞ்ஞானம் அன்றெனின், விஞ்ஞானம் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது?

காந்தம் ஆக்கும் அறிவு நூலில் முழுமையாகத் தங்குவதில்லை. மனிதரிலேயே அது பெரிதும் தங்குகின்றது. இதற்குப் பீற்றர் கபிற்சாவின் கதையே தக்க சான்று. மின்பொறியியல் பயின்ற அவர் 1920களில் கேம்பிறிஜில், இரதபோட்டின் ஆதரவில், ஒரு பெரிய மின்பிறப்பாக்கியைச் செக்கனின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குக் குறுஞ்சுற்றாக்கி, 30 தெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தைக் கணநேரம் பெற்றார். பொறி திடீரென நிற்கும் அதிர்ச்சி நிலத்தினூடே சென்று அளவீட்டைக் கெடுக்கும் என்பதை உணர்ந்து, சுருளை ஏறத்தாழ 20 மீற்றர் தொலைவில் வைத்தார். அதிர்ச்சி வந்து சேருமுன் அளவீடு முடிந்துவிடும். 1934 இல் தாய்நாடு சென்றவரைச் சோவியத் அரசு திரும்ப அனுமதிக்கவில்லை. மூளை கிடைத்துவிட்டது, இனி எல்லாம் கிடைக்கும் என அரசினர் எண்ணினர் போலும். ஆனால் கருவிகளின்றி அம்மூளை வாளாவிருந்தது. அடுத்த ஆண்டு முப்பதாயிரம் பவுண் கொடுத்துக் கேம்பிறிஜின் கருவிகள் வாங்கப்பட்டன. கருவிகள் மட்டும் போதவில்லை. அவற்றோடு பழகிய உதவியாளர் இருவரும் மொஸ்கோ சென்று அவற்றை நிறுவ உதவ வேண்டியிருந்தது. சர்வ வல்லமை வாய்ந்த ஓர் அரசுங்கூடப் பட்டறையின் முன் தலைவணங்க வேண்டியிருந்தது என்பதே இதன் பாடம்.

இப்பாடத்தைப் பின்வந்தோர் மறந்தமைக்கு 1990 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி சான்றாகும். அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியம் புதிய தேசியக் காந்த ஆய்வுகூடத்தை, பல்லாண்டு அனுபவம் பெற்ற மசாசூசெற்ஸில் அமைக்காது, அத்தகைய மரபு ஏதுமற்ற புளோரிடாவுக்கு வழங்கியது. தொழினுட்ப மதிப்பீடு மசாசூசெற்ஸின் பக்கமே சாய்ந்திருந்தது. மாநில அரசு வாரி வழங்க முன்வந்த பணமும் புதிய கட்டடமும் மறுபக்கம் நின்றன. மசாசூசெற்ஸ் மீள்பரிசீலனை கோரியது, பயனில்லை. பிற்றர் ஆய்வுகூடம் தேசிய நிலையமாக இயங்கிய காலம் 1990களின் நடுப்பகுதியோடு முடிந்தது. பின்னர் புளோரிடா வெற்றி பெற்றதே, ஆகவே பணமே போதும், மரபு வேண்டியதில்லை என்று வாதிடுவோர் உளர். அது மேலோட்டமான பார்வை. புளோரிடா பெற்ற வெற்றி கட்டடத்தின் வெற்றியன்று. கிரெனோபிளில் பல்லாண்டு காந்தம் ஆக்கிய ஹான்ஸ் ஷ்னைடர்-முந்தோ போன்றோரை அழைத்து, வடிவமைப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு குழுவை நிலையாக அமர்த்தியமையே அதன் காரணம். நிதி வழங்குவோர் கட்டடத்தை எண்ணுகின்றனர், கருவிகளை எண்ணுகின்றனர், மனிதரை எண்ணுவதில்லை. ஒரு குழுவைக் கலைக்க ஓர் ஒப்பம் போதும். மீண்டும் கூட்டப் பத்தாண்டும் போதாது.

காந்தம் ஆக்குவோரின் பக்கத்திலும் ஒரு குற்றம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அது சாதனை எண்ணின்மீதான மயக்கம். 45 தெஸ்லாவைப் புளோரிடா எட்டியது. 2022 ஓகஸ்டில் சீனத்தின் ஹபெய் நகரம் 45.22 தெஸ்லாவை எட்டியது. வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் செய்தித்தாள்கள் அதனை நாடுகளின் பந்தயமாகவே எழுதின. லொஸ் அலமோஸ் 2012 இல் சுருள் சிதையாது 100 தெஸ்லாவைக் கடந்தது. அது செக்கனின் மிகச் சிறு பகுதிக்கே நிலைத்தது. தோக்கியோவில் 2018 இல் 1,200 தெஸ்லா பெறப்பட்டபோது சுருளே அழிந்தது. இவையாவும் அரிய செயல்களே. எனினும் ஒரே அளவுகோலில் வைத்து நோக்கத்தக்கன அல்ல. புரதத்தின் அமைப்பை ஆராய்வோனுக்கு வேண்டுவது வெறும் உயர்ந்த எண்ணன்று. நாட்கணக்காக அசையாது, நூறு கோடியில் ஒரு பங்களவிலும் சீர்குலையாது நிற்கும் புலம். 2020 இல் புளோரன்ஸ் நகரத்தில் நிறுவப்பட்ட 28.2 தெஸ்லாக் காந்தம் அவ்வகையினது. அதனை ஆக்குதல் 45 தெஸ்லாவை ஆக்குதலினும் எளிதன்று. உயரத்தை மட்டும் புகழ்வோர், தம்மை அறியாமலே, இத்தொழிலின் மற்றைய திறன்களை இழிவுபடுத்துகின்றனர்.

பெரிதே வலிது என்னும் எண்ணமும் அவ்வாறே தவறானது. 2019 இல் சியுங்-யொங் ஹானும் துணைவரும் வெளியிட்ட சுருள் ஒன்றின் நிறை ஏறத்தாழ 390 கிராம். அது 31.1 தெஸ்லாப் பின்புலத்தினுள் தான் 14.4 தெஸ்லாவைச் சேர்த்து, மொத்தம் 45.5 தெஸ்லாவை அளித்தது. சுருளின் சுற்றுகளுக்கிடையே காவலி இருத்தல் வேண்டும் என்பது காந்தம் ஆக்குவோரின் முதற்பாடம். அக்காவலியையே அவர்கள் நீக்கினர். ஓரிடத்தில் மீகடத்துந் தன்மை கெடுமாயின், மின்னோட்டம் அருகிலுள்ள சுற்றுக்குத் தாவி விலகிச் செல்லும், நாடா எரிந்துபோகாது. அச்சுருள் பழுதின்றி மீளவில்லை. நாடாவின் விளிம்புகள் சேதமுற்றிருந்தமை பின்னர் தெரியவந்தது. அச்சேதத்தை ஆராய்ந்தமையும் புதிய அறிவாயிற்று. நூறாண்டு வழக்கமொன்றை ஐயுற்று, மாற்றி, பிழையிலிருந்து மேலும் கற்ற இச்செயலைச் சிந்தனை என்று அழைக்க மறுப்போர், சிந்தனை என்பதற்கு வேறு எவ்விலக்கணம் கூறுவர்?

இறுதியாக, பயன் என்னும் வாதம். ‘இத்துணைப் பணமும் மின்னும் எதற்கு? நோயாளிக்கு உதவும் காந்தம் வேண்டும். ஆய்வாளனின் விளையாட்டுக்கு வேண்டா’ என்பர் சிலர். வறிய நாடொன்றில் இவ்வினா நியாயமானதே. அதனை எள்ளி ஒதுக்கலாகாது. ஆனால் விடை வரலாற்றிலேயே உள்ளது. ஒக்ஸ்போட்டின் ஆய்வுகூடத்தில் உயர்புலக் காந்தங்களுக்குப் பொறுப்பான பொறியியலாளராயிருந்த மார்ட்டின் வூட், 1959 இல் மனைவி ஓட்றியுடன் வீட்டுத்தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் தொடங்கிய சிறு பட்டறை, பின்னர் முழு உடலையும் படம்பிடிக்கும் பொறிகளுக்கு மீகடத்திக் காந்தங்களை வழங்கும் நிறுவனமாக வளர்ந்தது. நயோபிய–தைத்தானியக் கம்பி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது நோயாளிகளின் பொருட்டன்று. 1983 இல் இயங்கிய பேர்மி ஆய்வுகூடத்து ஆர்முடுக்கிக்கு ஏறத்தாழ ஆயிரம் காந்தங்கள் வேண்டியிருந்தமையால் அக்கம்பித் தொழில் வளர்ந்தது. அதன் நன்மையை வைத்தியசாலைகள் பெற்றன. இலங்கையின் வைத்தியசாலையொன்றில் நோயாளி ஒருவர் எம்.ஆர்.ஐ. குழாயினுட் படுக்கும்போது அவரைச் சூழ்ந்திருப்பது அவ்வகைக் கம்பியே. பிரான்சின் சக்ளேயில் மூளையை ஆராய்வதற்கென ஆக்கப்பட்ட 132 தொன் காந்தம் 2019 இல் 11.7 தெஸ்லாவை எட்டியது. மனித மூளையின் படங்கள் 2024 இலேயே வெளிவந்தன. திட்டம் தொடங்கிக் கால் நூற்றாண்டை அண்டிய காலம் அதற்குச் சென்றது. உடனடிப் பயனையே கேட்டிருந்தால் இவற்றுள் ஒன்றேனும் பிறந்திராது. எனினும் பயனை மட்டுமே அரணாகக் காட்டிக் காந்தத்தைக் காப்பாற்ற முயல்வதும் பிழை. பயனே நியாயம் எனின், பயன் தாமதிக்கும் நாளில் நியாயமும் தோற்றுவிடும்.

ஆகவே வேண்டப்படுவன சில. ஆய்வுக் கட்டுரையிற் கருவியை ஆக்கியவரின் பெயர், நன்றியுரையின் கடைசி வரியில் அன்றி, ஆசிரியர் வரிசையில் இடம்பெறல் வேண்டும். வடிவமைப்பு என்பது பொறியியல் பீடத்துக்கு மட்டும் உரியதெனத் தள்ளிவிடாது, பௌதிகவியல் மாணவரின் பரீட்சைக்குரிய சிந்தனையாகவும் ஆதல் வேண்டும். பல்கலைக்கழகப் பட்டறைகள் உடைந்த கதிரையைத் திருத்தும் இடங்களாகக் கருதப்படும் நிலை மாறல் வேண்டும். அங்குப் பணிபுரிவோர் ஓய்வுபெறும்போது அவர்தம் அறிவும் அவர்களோடு வெளியேறிவிடாதவாறு இளையோர் அவர்பாற் பயிலல் வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கேனும் 30 மெகாவாற்று மின் வேண்டியதில்லை. வறுமையைக் காரணங்காட்டித் தட்டிக்கழிக்கவும் இவற்றுக்கு இடமில்லை. குறைவது பணமன்று, மதிப்பு. கையால் செய்பவனைத் தாழ்ந்தவனாக எண்ணிப் பழகிய ஒரு சமூகத்தில், வெண்கட்டி பிடித்த கைக்கும் அரம் பிடித்த கைக்கும் இடையிலான தொலைவு அவ்வளவு எளிதிற் குறையாது என்பது உண்மையே. ஆயினும் அத்தொலைவைக் குறைக்காது விஞ்ஞானத்தை வளர்க்கலாம் எனப் பேசுவோர், புலம் எங்கிருந்து வருகின்றது என்று கேளாமலே ‘பீ’ என்று எழுதிச் செல்லும் மாணவரைப் போன்றோரே.

அடுத்த முறை அவ்வெழுத்தைக் கரும்பலகையில் எழுதும் விரிவுரையாளர் ஒரு கணம் தாமதித்து, அதனை ஆக்கியவர் யார் என்று வகுப்பைக் கேட்பாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.